சாப்பிட்டீங்களோ என்று கேட்ட படிவம்

பிலோமினா மிஸ் இறந்துபோனார் என்ற செய்தி காலை ஒன்பது மணியளவில் எனக்கு வந்தது. உப்புக்குளத்தில் என் வீட்டுப் படலையடியில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். தொலைபேசியில் அழைத்தவர் அவருடைய தங்கையின் மகள். "அங்கிள், பெரியம்மா விடியக்காலமை மோசம் போயிட்டா. உங்களுக்கு முதல்ல சொல்லச் சொல்லி அம்மா சொன்னவ" என்றார். என் முகத்தைப் பார்த்த மீன்காரர் ஆர் என்று கேட்டார். சொன்னேன். "ஆர், எங்கட மூத்தவளுக்கு நிறை பாத்த மிஸ்ஸோ?" என்று கேட்டுவிட்டு, தராசைக் கீழே வைத்தார்.

அவரை அறிந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அவர் அப்படித்தான் நினைவில் இருப்பார். அவர் அரச மருத்துவமாது; மருத்துவமாதை எங்கள் பக்கத்தில் மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். கர்ப்பிணிகளை வீட்டுக்கு வீடு சென்று பார்ப்பதும், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மாதம் ஒருமுறை நிறை பார்ப்பதும் அவருடைய வேலை. ஊர், எங்கள் தீவிலேயே உள்ள கீரி. அதிக காலம் வேலை செய்தது பாலத்துக்கு அப்பால், பெருநிலத்து வயற்கிராமங்களில். அங்கேதான் நானும் அவரைச் சந்தித்தேன். யுத்தம் முடிந்து, முகாம்களில் இருந்த சனங்கள் தங்கள் காணிகளுக்குத் திரும்பத் தொடங்கிய காலம் அது.

கிராமத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அதற்குக் காரணம் மிஸ்தான். பின்னால் சொல்கிறேன்.

முதல் நாள் நான் அங்கே போனபோது ஒரு பாலை மரக் கிளையில் தராசைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் என்னை அறிமுகப்படுத்தத் தொடங்கினேன். "பேப்பர்காரரோ? நல்லது. அந்தக் கயித்தைக் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கோ" என்றார். பதினொரு மணி வரை நான் கயிறு பிடித்தேன். சீலைத் தொட்டிலில் ஏற்றிய பிள்ளைகளில் இரண்டு பேர் என் சட்டையை நனைத்தார்கள். கடைசியில் ஒரு கேள்வி கேட்கலாமா என்றேன். "கேளுங்கோ. ஆனா கேட்டா எழுதோணும். எழுதினா சரியா எழுதோணும்" என்றார். பேச்சில் அவருக்கு அவசரம் உண்டு. மற்றவர் வசனத்தை முடிக்க விடமாட்டார். தாய்மாரை ஏசுவார். ஏசிய கையோடு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார். அன்றிலிருந்து அவர் வாயில் என் பெயர் 'பேப்பர்' ஆயிற்று.

திரும்பி வந்த குடும்பங்களுக்கு உலர் உணவு நிவாரணம் கிடைத்துக்கொண்டிருந்தது. அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. தறப்பாள் கொட்டில்களில் இருந்துகொண்டு பற்றை வெட்டினார்கள், கிணறு இறைத்தார்கள், வரம்பு கட்டினார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் விதைநெல்லும் வந்து சேர்ந்திருந்தது. ஐப்பசி மழைக்கு விதைத்தால் மாசியில் வெட்டலாம். அதுவரைக்கும் நிவாரணம் வரும் என்பதுதான் ஊரின் நம்பிக்கை.

அந்த நாட்களில்தான் 'உணவுப் பாதுகாப்பு' என்ற சொல் எங்கள் பக்கம் வந்தது. அதை விளங்கப்படுத்த நகரத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். வெளியிலிருந்து வந்த ஓர் இளைஞர் படம் போட்டு நன்றாகவே பேசினார். முடிவில் சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்றார். அந்தக் கிராமத்தின் அபிவிருத்திச் சங்கத் தலைவர் பேரம்பலத்தார் எழுந்தார். "இவ்வளவு காலமும் ரோட்டுக்கும் பாலத்துக்கும்தான் பாதுகாப்பு எண்டு சென்றிக் காவல் போட்டவை. இனிச் சோத்துப் பானைக்கும் போடப் போகினமோ தம்பி?" என்றார். மண்டபம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆனது. மிஸ் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். சிரித்துவிட்டு, "அந்த மனிசன் கேட்டது பகிடி இல்லை. எங்கட சனத்துக்கு பாதுகாப்பு எண்டால் அடையாள அட்டையை எடுத்து நீட்டுற விசயம். வேற சொல்லுத் தேடுங்கோ எண்டு எழுதுங்கோ பேப்பர்" என்றார். நான் எழுதவில்லை. அதைப் பகிடியாகவே எடுத்துக்கொண்டேன்.

பிறகு படிவம் வந்தது. எந்தக் கிராமத்துக்கு நிவாரணம் தொடரவேண்டும், எந்தக் கிராமத்துக்கு நிறுத்தலாம் என்று தீர்மானிப்பதற்கான படிவம். கேள்வி கேட்க ஆட்கள் போதவில்லை. எல்லா வீட்டுக்கும் போய்வருகிறவர் என்பதால் அந்தக் கிராமத்தை மிஸ்ஸிடம் கொடுத்தார்கள். அதில் முதற் கேள்வி, நேற்று உங்கள் வீட்டில் எத்தனை வேளை சாப்பிட்டீர்கள் என்பது. மிஸ் இரண்டு நாட்களில் எல்லாக் கொட்டிலும் ஏறி இறங்கினார். வாசலில் நின்றபடி கேட்டார். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். மூன்று வேளை.

அவர் மூன்று என்று எழுதினார். கையெழுத்திட்டார். அந்தப் படிவங்களைப் பார்த்து நானும் ஒரு செய்தி எழுதினேன். மீளக்குடியேறிய கிராமத்தில் மூன்று வேளையும் உணவு என்று தலைப்புப் போட்டு, ஊர்ப் பெயரையும் கொட்டை எழுத்தில் போட்டோம். நல்ல செய்தி அரிதாக இருந்த காலம். எனக்கு அது சந்தோசமாகத்தான் இருந்தது.

இரண்டு கிழமைக்குள் அறிவித்தல் வந்தது. அந்தக் கிராமம் உணவுப் பாதுகாப்பு அடைந்துவிட்டது. மாத முடிவோடு நிவாரணம் நிறுத்தப்படும்.

அடுத்த நிறை பார்க்கும் நாள் நான் அங்கே இருந்தேன். அறிவித்தலைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது என்று கேட்கப் போயிருந்தேன். மிஸ் ஒரு பிள்ளையைத் தராசில் போட்டார், இறக்கினார், மறுபடி போட்டார். அட்டையில் புள்ளி வைத்தார். மேலே போகவேண்டிய கோடு கீழே வளைந்தது. அடுத்த பிள்ளைக்கும் அப்படியே. தராசு பழுது என்று நினைத்து, சங்கக் கடையிலிருந்து உடைக்காத சீனிப் பக்கற் ஒன்றை எடுத்துவரச் சொல்லிக் கொளுவிப் பார்த்தார். தராசு சரியாகக் காட்டியது. சீனிப் பக்கற்றைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தார். "தராசில பிழையில்லை. என்ர கடதாசியிலதான் பிழை" என்றார்.

அன்று மத்தியானம் அவர் முதலில் போனது சிவபாக்கியத்தின் கொட்டிலுக்கு. சிவபாக்கியத்துக்கு இரண்டு பிள்ளைகள். புருசன் பகலெல்லாம் வரம்பு வெட்டப் போய்விடுவார். கோடு மிகவும் வளைந்திருந்தது அவளுடைய இளையவளின் அட்டையில். நானும் கூடப் போனேன்.

"வாங்கோ மிஸ், வாங்கோ ஐயா. சாப்பிட்டிட்டீங்களோ?" என்று சிவபாக்கியம் கேட்டாள்.

வழமையாக இதற்கு எல்லாரும் சொல்கிற பதில் ஒன்று உண்டு. மிஸ் அதைச் சொல்லவில்லை. "இல்லைப் பிள்ளை. காலமையும் சாப்பிடேல்லை, சரியான பசி. என்ன கிடக்கு?" என்றார்.

சிவபாக்கியத்தின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "இருங்கோ மிஸ், ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டுக் கொட்டிலின் பின்பக்கமாகப் போனாள். வேலிக்கு அப்பால் மெல்லிய குரலில் பேச்சுக் கேட்டது. அதற்கும் அடுத்த வேலியில் கேட்டது. வெறுங்கையோடு திரும்பி வந்து, "தேத்தண்ணி போடுறன் மிஸ். சோறு இப்பதான்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டாள். கொட்டிலின் மூலையில், கல்லின் மேல் பலகை போட்டு, விதைநெல் மூட்டை கட்டு அவிழாமல் இருந்தது.

மிஸ் நிலத்தில் இருந்தார். அவளையும் கையைப் பிடித்து இருத்தினார். "எத்தினை நேரம் அடுப்பு மூட்டுறனீ?"

"ஒருக்கா. தாற சாமான் மாதம் முழுக்கக் காணாது. பின்னேரம் மாவில ரொட்டி. பிள்ளையளுக்கு."

"அப்ப ஏன் எனக்கு மூண்டு எண்டு சொன்னனீ?"

சிவபாக்கியம் அழவில்லை. கோபமாகத்தான் சொன்னாள். "வீட்டு வாசலில வந்து நிண்டு சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டா, இல்லை எண்டு சொல்லுறதோ மிஸ்? முகாமில நாங்கள் கோப்பையோட வரிசையில நிண்டது காணாதோ? சொந்தக் காணிக்கு வந்தும் இல்லை எண்டால், பிறகு நீங்கள் எங்கட வீட்டில பச்சைத்தண்ணியும் வாங்கிக் குடிக்க மாட்டியள்."

மிஸ் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். வழியில், "ஒரு பசிச்ச பெட்டையிட்ட சோறு கேட்டனான். அது செய்யக்கூடாத வேலை" என்றார். இன்னும் கொஞ்சத் தூரம் போன பிறகு, "அந்த மூட்டையைப் பாத்தனீங்களோ? நிவாரணம் நிண்டால் ரெண்டு கிழமைதான் தாங்குவினம். பிறகு அதையும் குத்திச் சாப்பிடுவினம். சாப்பிட்டால் விதைப்பு இல்லை. விதைப்பு இல்லாட்டி அடுத்த வருசமும் இதே வரிசைதான்" என்றார்.

மறுநாள் அவர் நிவாரணக் கந்தோருக்குப் போனார். நிவாரணத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் நல்ல மனிதர். அந்த உரையாடலின்போது நானும் அந்த அறையில் இருந்தேன் என்பதால், நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்.

"மிஸ், இதில கிடக்கிறது உங்கட கையெழுத்துத்தானே?"

"ஓம் சேர். அதாலதான் நானே வந்தனான்."

"திரும்பக் கணக்கெடுக்க வேணுமெண்டால் மேல காரணம் எழுதோணும். சனம் பிழையான தகவல் தந்தது எண்டு ஒரு வசனம் எழுதித் தாங்கோ. லேசா முடிஞ்சுபோம்."

மிஸ் மறுத்தார். "அப்பிடி எழுதினால் அந்த ஊர் பொய் சொல்லுற ஊர் எண்டு காலத்துக்கும் பைலில கிடக்கும். நாளைக்கு வெள்ளம் வந்து வீடு போச்செண்டாலும் நம்ப மாட்டியள். சனம் பொய் சொல்லேல்லை சேர். வாசலில நிண்டு சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டால் அது எங்கட ஊரில சுகம் விசாரிக்கிறது. நான் சுகம் விசாரிச்சிருக்கிறன். அவை சுகம் எண்டு சொல்லியிருக்கினம். கேள்வி இன்னும் ஒருத்தரும் கேக்கேல்லை."

அதிகாரி பேனையை மூடி வைத்தார். "அப்ப பிழை உங்கட பேரிலதான் போகும்."

"போகட்டும்."

அங்கேயே இருந்து கடிதம் எழுதினார். தகவல் சேகரித்த முறை பிழை, அந்தப் பிழை தன்னுடையது, மறுபடி கேட்க அனுமதி வேண்டும் என்று மூன்று வசனம். பின்னாளில் அவருக்கு வரவேண்டிய மேற்பார்வைப் பதவி வரவில்லை. இந்தக் கடிதம்தான் காரணமா என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை கேட்டபோது, "மேற்பார்வைக்குப் போயிருந்தால் பிள்ளையளைத் தூக்க விட்டிருக்க மாட்டினம்" என்று சொல்லிப் பேச்சை மாற்றினார்.

அனுமதி கிடைத்து இரண்டாம் முறை கேட்கப் போனபோது அவர் படிவத்தைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். வாசலில் நிற்கவில்லை. அடுப்படியில் போய்க் குந்தினார். நேற்று என்ன ஆக்கினீர்கள், எத்தனை மணிக்கு, எந்தச் சட்டியில் என்று கேட்டார். அதற்கு யாரும் முகத்துக்காகப் பதில் சொல்லவில்லை. கூச்சப்பட அதில் ஒன்றும் இருக்கவில்லை. கடைசியில் ஒரு கேள்வி வைத்திருந்தார். "கடைசியாச் சாப்பிட்டது ஆர்?" அதற்குத்தான் பெண்கள் தடுமாறினார்கள். கடைசியாகச் சாப்பிட வேண்டியவர்கள் அவர்கள். பல வீடுகளில் அந்தக் கடைசிச் சாப்பாடு நடக்கவே இல்லை. மிஸ் வீதிக்கு வந்து வேலியோரம் நின்றபடி அதை எழுதுவார். வீட்டுக்குள் எழுதியதில்லை.

ஊர் இதை விரும்பியது என்று சொல்லமாட்டேன். நிவாரண லொறி மறுபடி வந்த அன்று பேரம்பலத்தார் சாமான் இறக்க விடாமல் குறுக்கே நின்றார். அளவு முன்பைவிடக் குறைவு. ஆனால் மாசி வரை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"எங்களைக் கையேந்துற ஊராக்கிப் போட்டியள் மிஸ். பேப்பரில மூண்டு நேரம் சாப்பிடுற ஊர் எண்டு வந்தது. இப்ப இது."

"அண்ணை, வெக்கமெண்டால் அது என்ர கடிதத்தில கிடக்கு, என்ர பேரில கிடக்கு. நீங்கள் அரிசியை இறக்குங்கோ. விதைக்கிற நேரம் வெறும் வயித்தோட எப்பிடி மண்வெட்டி பிடிப்பியள்?"

"நாங்கள் பிடிப்பம்."

"நீங்கள் பிடிப்பியள். உங்கட மருமகள் ஏழு மாதம். அவள் பிடிப்பாளோ?"

பேரம்பலத்தார் ஒதுங்கினார். அவர் அன்று அரிசி தூக்கவில்லை. மற்றவர்கள் தூக்கியபோது தடுக்கவும் இல்லை.

நான் திருத்தம் எழுதவேண்டியிருந்தது. எழுதுமுன் மிஸ்ஸிடம் காட்டினேன். "சரி. ஆனா ஊர்ப் பேரை எடுங்கோ" என்றார். முந்திய செய்தியில் பெயர் இருந்ததே, திருத்தம் எந்த ஊருக்கு என்று வாசகருக்குத் தெரியவேண்டாமா என்று கேட்டேன். "வயிறு நிரம்பினது எண்டு பேர் போட்டியள், ஒருத்தரும் கோவிக்கேல்லை. பசி எண்டு பேர் போட்டால் அந்த ஊருக்குப் பொம்பிளை குடுக்கவும் யோசிப்பினம். உங்களுக்கு ஊரைத் தெரியும், கந்தோருக்குத் தெரியும். அவ்வளவு காணும்" என்றார். செய்தித்தாள் முறைப்படி அது பிழை. நான் அவர் சொன்னபடி செய்தேன். இன்றும் அப்படியே செய்திருக்கிறேன்.

அந்த ஐப்பசியில் மழை பிந்தியது. விதைத்தார்கள். பாதிக்கு மேல் தப்பியது. மாசிக் கடைசியில் வெட்டிய முதல் நெல்லைப் புதிர் என்று எடுத்துப் பொங்கியபோது மிஸ்ஸுக்கு ஆள் அனுப்பினார்கள். அன்று கீரி வேதக்கோயிலில் பூசை. பூசையை விட்டுவிட்டு வந்தார். சிவபாக்கியம் வாசலிலேயே கேட்டாள், "சாப்பிட்டிட்டீங்களோ மிஸ்?" என்று. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "இல்லை. உனக்குப் பயந்து ராத்திரியும் சாப்பிடேல்லை" என்றார் மிஸ். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். பேரம்பலத்தார்தான் பரிமாறினார். மிஸ்ஸின் இலையில் வைத்த அளவைப் பார்த்து, "அண்ணை, இதுதான் பழி வாங்குறது" என்று மிஸ் சொன்னபோது அவரும் சிரித்துவிட்டார்.

இதைப் படிக்கிற பலருக்கு மிஸ்ஸின் வேறு கதைகள் தெரிந்திருக்கும். பிரசவ வலியில் இருந்த பெண்ணோடு உழவு இயந்திரப் பெட்டியில் ஆற்றைக் கடந்தது, மாமேதைகள் போலப் பேசும் டொக்டர்மாரைப் பார்த்து அவர் கேட்ட கேள்விகள். நான் இந்த ஒன்றை எழுதுவதற்குக் காரணம், என் தொழிலுக்கு அவர் செய்த திருத்தம் இதில்தான் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன், மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்த மாதங்களில், விடத்தல்தீவில் ஒரு மீனவர் வீட்டுக்குப் போனேன். "ரெண்டு நேரம் சாப்பிடுறம் ஐயா. குறை சொல்ல ஏலாது" என்றார் அவர். முன்பென்றால் எழுதிக்கொண்டு எழுந்திருப்பேன். அன்று அடுப்படிப் பக்கம் போய் இருந்து, நேற்றுக் கடைசியாகச் சாப்பிட்டது யார் என்று கேட்டேன். அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "நீ சாப்பிட்டனான் எண்டெல்லோ சொன்னனீ" என்றார் அவர். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

திரும்பும் வழியில் இதை மிஸ்ஸுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அப்போது அவர் ஓய்வு பெற்றுக் கீரியில் இருந்தார். நல்ல கேள்வி என்று தன்னையே பாராட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். "பிறகு?" என்று கேட்டார். பிறகு ஒன்றுமில்லை, வந்துவிட்டேன் என்றேன். "உப்பிடி ஒரு கேள்வியைக் கேட்டுப்போட்டு எழும்பி வந்திட்டியளோ? நாளைக்குத் திரும்பிப் போங்கோ. போய்ப் பாருங்கோ. எழுதுறது பிறகு" என்றார்.

கேட்ட வீட்டுக்கு இன்னொரு முறை போவது என்ற அந்தப் பழக்கம்தான் பிலோமினா மிஸ்ஸிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது. மறுநாள் காலை மறுபடியும் விடத்தல்தீவுக்கு பஸ் ஏறினேன். அந்த வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மனைவி கோப்பையோடு நிலத்தில் இருந்தாள். அவர் எதிரே குந்திக்கொண்டு, அவள் முழுவதையும் சாப்பிடும்வரை எழும்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "கொஞ்சம் வெளியில நில்லுங்கோ ஐயா" என்றார். நான் வெளியில் நின்றேன்.